கலங்கலும் தேறலும்

ஆடியில் புதுத்தண்ணி வந்துவிட்டால் மேலையூரில் எங்கள் அப்பாயிக்கு ஒரு வேலை கூடிவிடும். ஆற்றிலிருந்து எடுத்து வந்த தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி இருக்கும். மண்பானையின் உட்புறச் சொரசொரப்பில் தேற்றாங்கொட்டை ஒன்றை நாலு சுற்றுத் தேய்ப்பார். தண்ணீரை ஊற்றி மூடிவைத்துவிட்டுப் படுத்துவிடுவார். விடிந்து பார்த்தால் வண்டலெல்லாம் அடியில் தங்கி, மேலே பளிங்குபோல நீர் நிற்கும். காவிரி கடலில் சேரும் பூம்புகார்ப் பக்கம் வளர்ந்த எனக்கு, தெளிந்தது நல்லது, கலங்கியது கழிக்க வேண்டியது என்ற எண்ணம் அந்தப் பானையிலிருந்து வந்தது.

அந்த எண்ணத்தோடுதான் பெங்களூரில் அக்கா மகன் நீட்டிய கண்ணாடிக் குவளையை வாங்கினேன். சிறிய மது ஆலை ஒன்றில் பியர் காய்ச்சுவது அவன் தொழில். குவளையில் இருந்தது பங்கனப்பள்ளி மாம்பழச் சாறு போன்ற நிறம். பின்னால் விரல் வைத்தால் நிழல்கூடத் தெரியவில்லை. மேலே வெள்ளையாக இரண்டு விரற்கடை நுரை. வடிகட்ட மறந்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

"கண்ணால பாக்காதீங்க மாமா. மொதல்ல மோந்து பாருங்க" என்றான்.

மோந்தேன். மழை பெய்து ஓய்ந்த கொய்யாத் தோப்பில் நிற்பது போல இருந்தது. கொய்யாவுக்குப் பின்னால் கிச்சிலித் தோல், அதற்கும் பின்னால் இடித்த கொத்தமல்லி விதை. அதில் பழம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை என்று அவன் சொன்னபோது நம்ப முடியவில்லை. பார்லி, ஓட்ஸ், கோதுமை, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரும் நமக்கு அந்நியமில்லை. பெங்களூரு குடிக்கும் நீரில் பெரும்பங்கு தொறேகாடனஹள்ளியிலிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி.

இந்தப் பானத்துக்கு ஹேஸி இம்பீரியல் இந்தியா பேல் ஏல் (ஐ.பி.ஏ.) என்று பெயர். ஏல் என்பது ஒரு பியர் வகை. 'ஹேஸி' என்றால் கலங்கல். 'இம்பீரியல்' என்றால் சாராயச் செறிவு கூடியது. சாதாரண பியரில் 5 சதவீதம் என்றால் இதில் 8 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். பெயரில் இந்தியா ஏறிய கதை கொஞ்சம் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பம் நடத்திய ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர்கள் வழியாகத் தன் வெளிர்நிற ஏலை கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பியது. 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் ஆலைகள் போட்டிக்கு இறங்கின. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்கும் மாதக்கணக்கான பயணத்தில் கெடாமலிருக்க ஹாப்ஸ் கூடுதலாகப் போட்டார்கள். அதன் அமிலங்கள் பல பாக்டீரியாக்களை வளர விடாது. அந்த ஏல் தெளிவானது, கசப்பானது. கலங்கல் வகை மிகப் பிந்தியது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கிம்மிக் என்பவர் 2000-களில் காய்ச்சத் தொடங்கிய 'ஹெடி டாப்பர்' என்ற இரட்டை ஐ.பி.ஏ. இதற்கு முன்னோடி. 2018-இல்தான் அமெரிக்க பியர் ஆலைகளின் சங்கம் 'ஹேஸி' என்பதைத் தனி வகையாகத் தன் பட்டியலில் ஏற்றியது.

ஆனால் கலங்கிய மதுவா, தெளிந்த மதுவா என்ற பேச்சு தமிழில் அதைவிட எவ்வளவோ மூத்தது. தேறு என்றால் தெளி. தெளிந்த மதுவுக்குத் தேறல் என்றே பெயர். தெளியாததற்குக் கலங்கல். புறநானூற்றின் 298-ஆம் பாட்டில் ஒரு வீரன் தன் அரசனைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொல்லையும் எதிரெதிரே வைக்கிறான்: எங்களுக்குக் கலங்கலைத் தருவான், தான் தேறலைக் குடிப்பான் என்கிறான். கலங்கலுக்கே வெறி அதிகம், அதனால் அதைத் தருவது அன்பு என்று விளங்கிக்கொள்வோர் உண்டு. அன்பின் கணக்கு எப்படியானாலும், ஒரே மதுவின் இரண்டு நிலைகளுக்கு இரண்டு பெயர் வைத்துப் பேசும் அளவுக்கு அந்த நாக்குகள் பழகியிருந்தன.

பட்டினப்பாலையில் புகாரின் மதுக்கடைகளில் பறக்கும் கொடிகளைக் காட்டிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையையே படிப்படியாகச் சொல்லிவிடுகிறார். அரிசியைக் களியாகத் துழாவுகிறார்கள். வாயகன்ற தட்டுப் பிழாவில் கொட்டி ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோறு போலத் தோன்றும் நல்லடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. பிறகு சாடியில் முதிரவிட்டு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை அப்படியே தின்னாது. மாவை உடைத்துச் சர்க்கரையாக்க நொதி வேண்டும். முளைவிட்ட தானியத்திலும் சில பூஞ்சைகளிலும் அந்த நொதி உண்டு. நல்லடை என்பது முளையோ, பூஞ்சை பூத்த அடையோ, செய்த வேலை அதுதான். பெங்களூரில் என் மருமகன் முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் செய்வதும் அதே வேலை.

அந்தப் பகுதியில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. சாடியில் 'வழைச்சு' அறும்வரை முதிரவிடுகிறார்கள். வழைச்சு என்றால் இளமை, பச்சைத்தன்மை. இன்றைக்கும் காய்ச்சுபவர்கள் முதிராத பியரைப் பச்சை பியர் என்கிறார்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் சில பொருள்களைப் பாதியில் வெளியே விட்டுவிடும். அசிட்டால்டிஹைடு அவற்றில் ஒன்று. அது பச்சை ஆப்பிள் மணக்கும். டைஅசிட்டைல் இன்னொன்று, அது உருக்காத வெண்ணெய் மணக்கும். சில நாள் பொறுத்தால் ஈஸ்ட்டே அவற்றைத் திரும்ப எடுத்துச் செரித்துவிடும். பொறுக்காமல் வடித்தால் வழைச்சு வாயில் தெரியும்.

இனி அந்தக் கலங்கலுக்கு வருகிறேன். அது வண்டலும் இல்லை, பெரும்பாலும் ஈஸ்ட்டும் இல்லை. ஓட்ஸிலிருந்தும் கோதுமையிலிருந்தும் பார்லியிலிருந்தும் வரும் புரதங்கள் ஒரு பக்கம், ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் பாலிஃபீனால்கள் மறுபக்கம். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நுண்ணிய துகள்களாகின்றன. அவை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய அளவு அது. அதனால் ஒளியை நேரே போகவிடாமல் எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. பால் வெள்ளையாகத் தெரிவதும் இப்படிச் சிதறுவதால்தான். துகள் இவ்வளவு சிறியது என்பதால் சுலபத்தில் அடியில் தங்காது, மிதந்துகொண்டே இருக்கும்.

புரதமும் பாலிஃபீனாலும் கவ்விக்கொள்வதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். வாழைப்பூ ஆய்ந்தால் விரல் கறுத்துப்போகும். ஆய்ந்த பூவை மோர் கலந்த தண்ணீரில் போடுவார்கள். மோரின் புளிப்பு, பூ கறுப்பதைத் தடுக்கிறது. மோரில் உள்ள கேசின் என்ற புரதம் பூவின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. கடுந்தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் அதனால்தான்.

துவர்ப்பு என்பதே என்ன? நம் எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. வாய்க்கு வழவழப்பைத் தருவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. கொட்டைப்பாக்கை மெல்லும்போது அதன் பாலிஃபீனால்கள் இந்தப் புரதங்களைக் கவ்வித் திரட்டிவிடுகின்றன. வழவழப்பு போய் நாக்கு மேலண்ணத்தில் உரசுகிறது. கலங்கலை உண்டாக்கும் தானியப் புரதமும் புரோலின் மிகுந்ததுதான். குவளைக்குள் நடப்பதும் வாய்க்குள் நடப்பதும் ஒரே வேதியியல். மேற்கத்தியப் பாடநூல்கள் ஐந்து சுவையோடு நிறுத்திக்கொண்டு துவர்ப்பைத் தொடு உணர்வில் சேர்த்துவிடுகின்றன. அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்து வளர்ந்த நமக்கு, இந்தப் பானத்தை எடைபோடுவதில் ஒரு கை கூடவே இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நல்ல கலங்கல் ஏலில் வழவழப்பு முன்னால் வரும், துவர்ப்பு பின்னால் மெல்லிய கோடாக நிற்கும். ஹாப்ஸ் அளவு மீறினாலோ, பூத்துகள் அடங்கும் முன்பே வடித்தாலோ தொண்டையில் கரகரவென்று ஓர் எரிச்சல் வரும். சேனைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் வருமே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை.

அப்பாயியின் பானையில் நடந்தது இதற்கு நேர்மாறு. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். தேற்றாங்கொட்டையிலிருந்து கரையும் புரதமும் பல்சர்க்கரையும் அவற்றைச் சேர்த்துக் கட்டிக் கனமாக்கிக் கீழே இறக்கிவிடும். ஐரோப்பிய ஆலைகள் இதே வேலைக்குப் பல காலம் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஜெலாட்டின் போன்ற பொருளைப் பயன்படுத்தின. ஹேஸி காய்ச்சுபவர் அப்படி எதையும் போடமாட்டார். போட்டால் துகளோடு சேர்ந்து மணமும் வழவழப்பும் கொஞ்சம் இறங்கிவிடும்.

மணம்தான் இந்தப் பானத்தின் உயிர். ஹாப்ஸ் என்பது குளிர்நாட்டுக் கொடி. இந்தியாவில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. அதன் பெண்பூவின் இதழடிகளில் மஞ்சள் மகரந்தம் போல ஒரு பொடி ஒட்டியிருக்கும். அதற்கு லுபுலின் என்று பெயர். மருமகன் ஒரு பூவைக் கிழித்து உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினான். கை பிசுபிசுத்தது. ஒரு மணி நேரம் கழித்தும் மணம் போகவில்லை. அந்தப் பொடியில் கசப்பு அமிலமும் இருக்கிறது, மண எண்ணெயும் இருக்கிறது. கொதிக்க வைத்தால் அமிலம் உருமாறிக் கரைந்து கசப்பாகும், எண்ணெய் ஆவியாய்ப் போய்விடும். நொதித்த பிறகு ஆறிய பியரில் போட்டால் எண்ணெய் தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. ரசத்தை இறக்கிய பின் கொத்தமல்லித் தழை கிள்ளிப்போடும் அதே யோசனை. ஹேஸியில் ஹாப்ஸின் பெரும்பங்கு இப்படிக் கடைசியில்தான் விழுகிறது.

நான் மோந்த கொத்தமல்லி கற்பனை இல்லை. கொத்தமல்லி விதையின் மணத்துக்கு முதல் காரணம் லினலூல் என்ற பொருள். அது ஹாப்ஸிலும் உண்டு. மாங்காயில் இருக்கும் மிர்சீனும் உண்டு. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் உண்டு. ஈஸ்ட் அதில் ஒரு பகுதியைச் சிட்ரனெல்லாலாக மாற்றி எலுமிச்சை வாசத்தின் பக்கம் தள்ளுகிறது. கொய்யா வாசம் தருவது கந்தகம் ஏறிய தையோல்கள். அவற்றில் ஒன்று கொய்யாப் பழத்திலேயே இருக்கிறது. ஒரு லிட்டரில் சில பத்து நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்தக் குடும்பத்தில் ஒரு தையோல் கொஞ்சம் கூடிவிட்டால் பூனை மூத்திர வாடை அடிக்கும். பழத்துக்கும் பூனைக்கும் நடுவே இருப்பது அளவு மட்டும்தான்.

குடித்துப் பார்க்கும் முறைக்குக் காரணங்கள் இவைதான். குவளையில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. மணம் தங்க மேலே இடம் வேண்டும். உள்ளங்கையால் குவளையின் வாயை மூடி ஒரு சுழற்று, பிறகு குட்டிகுட்டியாக இரண்டு மூன்று மோப்பு. நீட்டி இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். தொண்டையின் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறுவது அப்போதுதான். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மூச்சில் இருக்கிறது. ஜலதோஷம் பிடித்தவர் கையில் கொடுத்தால் இந்த ஏல் வெறும் கசப்புத் தண்ணீர்தான்.

குளிர் அதிகமானால் மணம் எழும்பாது. 7 முதல் 10 டிகிரி வரை நல்லது. நம் ஊர் வெயிலில் அதற்கு மெனக்கெட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்தாலே போதும். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் மணம் எப்படி மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்வார்கள்.

கசப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கசப்பை உணர நமக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூவும் தின்று பழகிய நாக்குக்கு ஹேஸியின் கசப்பு ஒரு பொருட்டே இல்லை. ஓட்ஸின் கொழகொழப்பும் எஞ்சிய சர்க்கரையும் அதைப் போர்த்திவிடும். தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. பர்ட்டன் ஊர்க் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அந்த சல்ஃபேட் கசப்பைக் கூர்மையாக்கும். ஹேஸிக்கு சல்ஃபேட்டைக் குறைத்துக் குளோரைடைக் கூட்டுவார்கள். அப்போது பானம் வாயில் மென்மையாக இறங்கும்.

இதற்கெல்லாம் மதிப்பெண் போடுவார்கள். பியர் நடுவர்களுக்குப் பயிற்சி தரும் பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பின் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3. கண்ணுக்கு அவ்வளவு குறைவாகக் கொடுத்தது சரிதான் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 2001-இல் வெளியான ஆய்வு அது. போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள் அந்த மாணவர்கள். கண் ஒரு முடிவு எடுத்துவிட்டால் மூக்கு அதன் பின்னால் போய்விடுகிறது.

அதனால்தான் பியர் ஆலைகள் வெகுகாலமாகக் கண்ணையும் கருத்தையும் விலக்கி அளக்கும் வழிகளைத் தேடின. அறிவியலுக்கு அதில் பெரிய லாபம். பூம்புகாருக்குத் தெற்கே தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்களின் தலைநகரத்தில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில்தான் 1909-இல் சோரன்சன் பி.எச். அளவையை உருவாக்கினார். நம் வயல் மண்ணைச் சோதித்து களர்மண்ணா என்று இன்றைக்குச் சொல்வது அந்த அளவையை வைத்துத்தான். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட் 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட புள்ளியியல் சோதனையைக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

சுவைத்துப் பார்ப்பவர் கண்டிப்பாக அறிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 8 சதவீத ஏல் 330 மில்லி குடித்தால் உடலுக்குள் போவது சுமார் 21 கிராம் சாராயம். 5 சதவீத பியரில் அதே அளவுக்கு 13 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்துவிட்டது. வழவழப்பும் பழவாசமும் இந்தச் செறிவை மறைத்துவிடுகின்றன என்பது இந்த வகையின் உண்மையான ஆபத்து. மதிப்பிடுவதற்கு ஒரு மிடறும் இன்னொரு மிடறும் போதும். மருமகன் எனக்குக் கொடுத்தது ஒரு டம்ளரின் கால் பங்குதான்.

கடைசியாக அவன் ஒரு சோதனை வைத்தான். மூன்று குவளை. இரண்டில் ஒரே ஏல், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் பலமுறை செய்ய வேண்டும் என்றான். என் கண்ணைத் துண்டால் கட்டினான்.

முதல் குவளையில் கொய்யா. இரண்டாவதில் கொய்யா. மூன்றாவதில் கொய்யா இருந்த இடத்தில் ஏதோ தேன் மாதிரி, நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி மாதிரி. "மூணாவது" என்றேன். குவளைகளை மாற்றி வைத்தான். மறுபடி மோந்தேன், சொன்னேன். ஐந்து முறையில் நான்கு சரி. தவறிய ஒரு முறை, முந்தின குவளையை நீட்டி மோந்து மூக்கை மரக்கவிட்டிருந்தேன்.

மூன்றாவது, ஒரு மாதத்துக்கு முன் பாட்டிலில் பிடித்து ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த அதே ஏல். பிடிக்கும்போது உள்ளே புகுந்த கொஞ்சம் காற்று போதுமாம். ஆக்ஸிஜன் ஹாப்ஸின் மணப்பொருள்களைத் தின்றுவிடும், பாலிஃபீனால்களையும் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு ஹாப்ஸும் ஓட்ஸும் போட்ட பானம் மற்ற பல பியர்களைவிட வேகமாகக் கெடும். நல்ல ஆலைகள் டப்பாவில் அடைக்கும்போது ஆக்ஸிஜனை நூறு கோடியில் சில பத்துப் பங்குக்குக் கீழே நிறுத்தப் பாடுபடுவது அதற்காகத்தான்.

துண்டை அவிழ்த்தான். சன்னல் வெளிச்சத்தில் மூன்றையும் வரிசையாக வைத்தான். மூன்றும் கலங்கல்தான். இரண்டு, மாம்பழச் சாற்றின் நிறத்தில் இருந்தன. மூன்றாவது, மோர்த்தண்ணீரில் போட மறந்து வெளியே வைத்த வாழைத்தண்டுபோல, மங்கிப் பழுப்பேறியிருந்தது.